கஞ்சாவுக்குக் கடை திறந்த தேசங்கள்

அமெரிக்காவின் மேற்கே, ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் கொலராடோ மாநிலத்து ஜனங்கள், 2012 நவம்பர் 6-ஆம் தேதி, தங்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சாவடிக்குச் சென்ற அதே நாளில், இன்னொரு விஷயத்தையும் தீர்மானம் செய்தார்கள். 21 வயது நிரம்பிய எவரும் கஞ்சாவை வாங்கலாம், கையில் வைத்துக்கொள்ளலாம், புகைக்கலாம் என்றும், அதை விற்கும் கடைகளுக்கு அரசாங்கமே அநுமதிச் சீட்டு வழங்கலாம் என்றும் மாநிலத்தின் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைக்கும் 64-ஆவது திருத்தம் அது. நூற்றுக்கு 55 பேர் சம்மதம் தந்தார்கள். 2014 ஜனவரி முதல் தேதி டென்வர் நகரத்தில் கடைகள் திறந்தபோது, குளிரையும் பாராமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். அதற்குப் பின்னர் அமெரிக்காவில் இவ்வழியே சென்ற மாநிலங்களின் தொகை 24 ஆயிற்று. 2018 அக்டோபர் 17 முதல் கனடா தேசம் முழுவதும் சென்றது. ஆசியாவில் தாய்லாந்து 2022-இல் சென்று, மூன்றே ஆண்டுகளில் திரும்பியும் வந்தது. நம் தேசத்திலும், படித்த இளைஞர்களின் சம்பாஷணைகளில், ‘அங்கெல்லாம் அநுமதித்துவிட்டார்களே, இங்கே மட்டும் ஏன் இந்தத் தடை?’ என்ற கேள்வி இப்போது சர்வ சாதாரணமாக எழுகிறது. அந்தக் கேள்வியைக் கோபத்தாலோ ஒழுக்கப் பிரசங்கத்தாலோ வாயடைத்துவிட முடியாது. அநுமதித்த இடங்களில் நடந்தது என்ன என்பதைச் சாவதானமாகப் பார்த்துத்தான் விடை சொல்லவேண்டும்.

முதலில், அங்கே அநுமதி கேட்டவர்களின் வாதத்துக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிடுவது கடமை. கஞ்சாவைத் தடுப்பதன் பெயரால் அமெரிக்கப் போலீஸ் நடத்திய கைதுகள் எல்லா ஜனங்கள் மீதும் சமமாக விழவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கஞ்சாவை உபயோகித்தபோதிலும், கறுப்பர் கைதாவதற்கான சாத்தியம் வெள்ளையரைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலாக இருந்தது என்று அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம் 2013-இல் ஆராய்ந்து வெளியிட்டது. ஒரு சிறு பொட்டலத்துக்காகப் பிடிபட்ட வாலிபன், அந்த ஒரு வழக்கினால் உத்தியோகத்தையும் படிப்புதவியையும் குடியிருக்கும் வீட்டையும் இழந்த கதைகள் அங்கே ஏராளம். இதைக் கண்டு மனம் பொறாமல் சட்டத்தை மாற்றவேண்டுமென்று எழுந்தவர்களை நான் குறைசொல்லத் துணியமாட்டேன். ஆனால், கஞ்சா புகைத்த ஒருவனைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பது ஒரு காரியம். கஞ்சாவை ஒரு மகா வியாபாரமாக வளரவிட்டு, அதற்கு விளம்பரமும், முதலீடும், பங்குச் சந்தையும், வரி வருவாயும் சேர்த்துக் கொடுப்பது வேறொரு காரியம். முதல் காரியத்துக்கான கருணையைக் காட்டி இரண்டாவது காரியத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டார்கள் என்பதே கொலராடோவின் கதையை ஊன்றிப் படிப்பவனுக்குப் புலப்படும் முதல் உண்மை. இந்தக் கட்டுரை எதிர்ப்பது அந்த இரண்டாவது காரியத்தை.

‘இயற்கையாக முளைக்கும் ஒரு செடிதானே?’ என்பார்கள். செடி பழையதுதான், கடையில் விற்கும் சரக்கு பழையதல்ல. கஞ்சாவின் போதைக்குக் காரணமான மூலப்பொருளை, இஸ்ரேல் தேசத்து விஞ்ஞானிகளான காவோனியும் மெக்குலமும் 1964-இல் தனியே பிரித்தறிந்தார்கள், அதை டி.எச்.சி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அமெரிக்கப் போலீஸார் கைப்பற்றிய கஞ்சாவில், 1995-இல் சராசரி நூற்றுக்கு 4 பங்காக இருந்த இப்பொருள், 2014-இல் 12 பங்காகிவிட்டது. கடைகள் வந்தபிறகு, செடியிலிருந்து பிசினை வடித்துக் காய்ச்சி மெழுகாகவும் எண்ணெயாகவும் விற்கிறார்கள். அவற்றில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேலும் டி.எச்.சி. இருப்பதுண்டு. தாத்தா காலத்துக் கள்ளை மனத்தில் வைத்துக்கொண்டு சுத்தமான சாராய சத்துக்கு உரிமம் வழங்குவதைப் போன்றது இது.

நம்மவர்கள் இந்த இடத்தில் 1893–94-இல் பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த இந்தியக் கஞ்சாக் கமிஷனை மேற்கோள் காட்டுவது வழக்கம். ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்த அந்தக் கமிஷன், தேசம் முழுவதும் சுற்றி, 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமாக உபயோகிப்பவர்களுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு ஏதும் விளையவில்லை என்றும், முழுத் தடையைவிட வரியும் உரிமமும் போதும் என்றும் அபிப்பிராயம் கூறியது உண்மைதான். மிகுந்த உழைப்போடும் நேர்மையோடும் தயாரிக்கப்பட்ட அறிக்கை அது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் ‘காரணம்: கஞ்சா’ என்று யோசியாமல் எழுதப்பட்டிருந்ததைக்கூட அது ஆராய்ந்து கண்டித்தது. ஆனால் அந்தக் கமிஷனர்கள் கண்டது, கிராமத்துப் பெரியவர்கள் பண்டிகை நாளில் அரைத்துக் குடித்த பாங்கையும், சந்நியாசிகளும் கூலியாட்களும் சிலும்பியில் புகைத்த கஞ்சாவையும். மெழுகாகக் காய்ச்சிய சரக்கை அவர்கள் கண்டதில்லை. மூளையைப் பற்றிய இன்றைய சாஸ்திரம் அன்று பிறக்கவுமில்லை. 130 வருஷங்களுக்கு முந்திய ஒரு தீர்ப்பை, அது கண்ணாலும் காணாத ஒரு பொருளுக்குப் பிரயோகிப்பது அந்தக் கமிஷனுக்கே அநீதி செய்வதாகும்.

வீரியம் கூடியதனால் விளைந்த தீமைகளில் தலையாயது மனத்தைப் பற்றியது. ஸ்வீடன் தேசத்தில் 1969–70-ஆம் ஆண்டுகளில் கட்டாய ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 45,570 வாலிபர்களிடம், அவர்கள் கஞ்சா உபயோகித்தது உண்டா, எத்தனை தடவை என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, பதினைந்து வருஷங்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் உபயோகித்ததாகச் சொன்னவர்களுக்கு, ஒருபோதும் தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மனச்சிதைவு நோய் கண்டது என்ற முடிவு 1987-இல் வெளியாயிற்று. அந்நாளைய கஞ்சாவோ இன்றையதோடு ஒப்பிட்டால் வீரியம் குன்றியது. பின்னர் லண்டனில் மார்த்தா டி ஃபோர்ட்டி என்ற மனநல ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், ஐரோப்பாவிலும் பிரேஸிலிலுமாகப் பதினொரு இடங்களில், முதன்முறையாகச் சித்தப் பிரமைக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த 901 பேரையும், அதே ஊர்களைச் சேர்ந்த நோயற்ற 1,237 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2019-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியின்படி, தினந்தோறும் கஞ்சா உபயோகிப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்று மேல், டி.எச்.சி. நூற்றுக்கு 10 பங்கும் அதற்கு மேலும் உள்ள சரக்கைத் தினந்தோறும் உபயோகிப்பவர்களுக்கோ ஏறக்குறைய ஐந்து மடங்கு. வீரியமிக்க கஞ்சா கிடைக்காமற்போனால், லண்டன் நகரத்தில் புதிதாகத் தோன்றும் சித்தப் பிரமையில் நூற்றுக்கு 30 பங்கும், ஆம்ஸ்டர்டாமில் சரிபாதியும் நேராமல் தடுக்கப்படலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். விற்பனையைப் பல்லாண்டுகளாகக் கண்டும் காணாமல் விட்டுவைத்திருக்கும் நகரம் ஆம்ஸ்டர்டாம் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இதற்கு ஆட்சேபம் உண்டு. கஞ்சாவினால் மனம் பேதலிக்கிறதா, அல்லது மனம் பேதலிக்கும் சுபாவம் உடையவர்களே கஞ்சாவை நாடுகிறார்களா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் மூலமான பரம்பரைக் கூறுகள் சில உண்டு என்றும் சொல்கிறார்கள். நியாயமான ஆட்சேபமே. ஸ்வீடன் ஆராய்ச்சியில், நோய் தோன்றுவதற்கு முன்பே கஞ்சாப் பழக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்பது அதற்கு ஒரு விடை. உபயோகிக்கும் தடவையும் வீரியமும் ஏற ஏற நோயின் வாய்ப்பும் படிப்படியாக ஏறுகிறது என்பது இன்னொரு விடை. பரம்பரைச் சுபாவம் உள்ளவர்களைத்தான் அது வீழ்த்துகிறது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சுபாவம் தன் பிள்ளைக்கு உண்டா இல்லையா என்பதைப் பதினேழு வயதில் எந்தத் தாயால் அறிய முடியும்? கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வைத்தியப் பதிவேடுகளை ஆராய்ந்து 2025-இல் வெளியிட்டார்கள். புதிதாக மனச்சிதைவு கண்டவர்களில், கஞ்சா அடிமைத்தனத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த நிலையோடு சம்பந்தப்படுத்தத்தக்கவர்களின் பங்கு, அநுமதிக்கு முன்னால் நூற்றுக்கு 3.7 ஆக இருந்தது, அநுமதிக்குப் பின்னால் 10.3 ஆயிற்று. மனச்சிதைவின் மொத்த விகிதம் உயரவில்லை என்பதையும் அதே ஆராய்ச்சி கூறுகிறது. ஆனால் இன்ன வகை என்று பிரித்துச் சொல்ல முடியாத சித்தப் பிரமையின் விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 30 என்ற நிலையிலிருந்து 55 ஆக ஏறிவிட்டது என்பதையும் அதுவே கூறுகிறது. மனச்சிதைவு கண்ட ஒரு வாலிபனோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டால், இந்த எண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை ஆண்டுகளின் கண்ணீர் இருக்கிறது என்பது விளங்கும். படிப்பு நின்றுபோகிறது, தூக்கம் போகிறது, பெற்றோரையே விரோதிகள் என்று சந்தேகிக்கிறான், மாத்திரையால் ஓரளவு குணமானாலும் பழைய பிள்ளை முழுமையாகத் திரும்பி வருவதில்லை.

புகைத்துப் பெறும் போதை சில நிமிஷங்களில் தலைக்கு ஏறிவிடும். தின்று பெறும் போதை அப்படியன்று. வயிற்றுக்குள் சென்ற டி.எச்.சி. ஈரலை அடைந்து, அங்கே அதைவிட உக்கிரமான வேறொரு பொருளாக மாறி, அரைமணி முதல் இரண்டு மணி நேரம் கழித்தே மூளையைத் தாக்குகிறது. கொலராடோவில் கடை திறந்து மூன்று மாதங்கள் நிறையுமுன், பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், நண்பர் வாங்கித் தந்த கஞ்சா பிஸ்கட்டில் ஒரு துண்டைத் தின்றார். 65 மில்லிகிராம் டி.எச்.சி. அடங்கிய அந்த ஒரே பிஸ்கட்டை ஆறு பங்காகப் பிரித்து உண்ணவேண்டும் என்பது விற்றவரின் யோசனை. அரைமணிக்கும் ஒரு மணிக்கும் இடையே காத்திருந்தும் ஒன்றும் தோன்றாததால், மிச்சத்தையும் அவர் தின்றுவிட்டார். அடுத்த இரண்டரை மணி நேரத்தில் அவருடைய பேச்சும் நடத்தையும் விபரீதமாக மாறின. நான்காவது மாடியின் முகப்பிலிருந்து குதித்து உயிரிழந்தார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015-இல் இச்சம்பவத்தை விவரித்து, பொதுஜன சுகாதாரத்துக்கான எச்சரிக்கையாக வெளியிட்டது. அந்த இளைஞர் சட்டத்தை ஏமாற்றிச் சந்தில் வாங்கிய சரக்கு அது அல்ல. உரிமம் பெற்ற கடையில், அச்சிட்ட உறையில் வந்த சரக்கு. மேற்பார்வைக்குட்பட்ட வியாபாரம் பாதுகாப்பானது என்ற வாக்குறுதி அந்த உறையைப் பிரித்த ஒருவரைக் காப்பாற்றவில்லை.

குழந்தைகளின் விஷயம் இதனினும் வேதனையானது. கஞ்சாக் கலந்த கம்மி மிட்டாயும் சாக்லேட்டும் பிற மிட்டாய்களைப்போலவே நிறமும் மணமும் கொண்டவை. அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டத்தை விழுங்கிவிட்டதாக 2017-இல் வந்த தகவல்கள் 207, 2021-இல் 3,054. பெரும்பாலும் தங்கள் சொந்த வீட்டிலேயே, பெரியவர்கள் அலமாரியில் வைத்த பொட்டலத்திலிருந்தே அக்குழந்தைகள் எடுத்துத் தின்றிருக்கின்றன. உயிர்ச்சேதம் இல்லை என்று ஆறுதல் சொன்னாலும், மூச்சுத் திணறி, நினைவிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த குழந்தைகள் அவற்றில் உண்டு. கொலராடோ சர்க்கார் இதைக் கண்டு ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடவில்லை. ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. பழத்தின் உருவிலும் மிருகங்களின் உருவிலும் மிட்டாய் வார்க்கக் கூடாதென்று 2017-இல் தடுத்தது. ஆனால் கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் ஆரம்பத்திலேயே, மிட்டாய், சாக்லேட், இனிப்பு எதையும் கஞ்சாவோடு கலந்து விற்கக்கூடாதென்று கண்டிப்பாக விதித்துவிட்டது. 2020-இல் வாங்கும் வயதையும் 21 ஆக உயர்த்தியது. தின்பண்டங்களை அநுமதித்த மற்றப் பெரிய மாகாணங்களில் கஞ்சா நஞ்சேறி ஆஸ்பத்திரியில் அநுமதிக்கப்பட்ட சிறு குழந்தைகளின் தொகை பன்மடங்காகப் பெருகியபோது, கியூபெக்கில் அவ்வளவு பெருகவில்லை. இனிப்பில் கலப்பது யாருடைய சௌகரியத்துக்காக என்று யோசித்தால், அந்த மாகாணத்தின் விவேகத்தை மெச்சாமல் இருக்க முடியாது.

சாலை விபத்துக்களைக் குறித்து நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கடைகள் திறந்த ஐந்து மேற்கத்திய மாநிலங்களில், காயம் விளைவிக்கும் மோட்டார் விபத்துக்கள், திறக்காத மாநிலங்களோடு ஒப்பிடுகையில் நூற்றுக்குச் சுமார் 6 பங்கு அதிகரித்ததாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிலையம் கண்டது. குடித்துவிட்டு வண்டியோட்டுபவனை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். கஞ்சாவுக்கு அப்படிப்பட்ட நம்பத்தகுந்த கருவி கிடையாது. கொலராடோ சட்டம் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று ஓர் அளவை வைத்திருந்தாலும், தினந்தோறும் புகைப்பவனுடைய ரத்தத்தில் போதை தெளிந்த பின்னும் அது தங்கியிருக்கும். புதியவனுக்கோ தலை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். அளக்க முடியாத ஒன்றைப் போலீஸ்காரர் எப்படித் தடுப்பார்?

வைத்தியர்கள் புதிதாகக் காணும் இன்னொரு ரோகமும் உண்டு. 2004-இல் தென் ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட அது, பல வருஷங்கள் தொடர்ந்து கஞ்சா புகைத்தவர்களுக்கு வருவது. அடக்க முடியாத வாந்தி, வயிற்று வலி. வெந்நீரில் குளித்துக்கொண்டே இருந்தால் மட்டும் சற்றுச் சாந்தி. எந்த மருந்துக்கும் எளிதில் கட்டுப்படாத இந்நோய்க்குக் கஞ்சாவை அறவே நிறுத்துவதுதான் சிகிச்சை. குமட்டலுக்கு மருந்து என்று கொண்டாடப்படும் பொருளே மிகையாகும்போது குமட்டலை உண்டாக்குகிறது.

இத்தனையும் ஏன் நேர்கின்றன என்று கேட்டால், விடை கடையின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. கொலராடோவின் வருவாய்த் துறைக்காக 2014-இல் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி, அநேகமாகத் தினந்தோறும் உபயோகிப்பவர்கள், உபயோகிப்போரின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 22 பேர்தான். ஆனால் விற்பனையாகும் சரக்கில் நூற்றுக்கு 67 பங்கை வாங்குபவர்கள் அவர்களே. விருந்து நாளில் ஒருமுறை புகைக்கும் கனவானால் இவ்வியாபாரம் நடப்பதில்லை. காலையில் எழுந்தவுடன் புகைத்தாகவேண்டிய மனிதனாலேயே நடக்கிறது. ஆகவே, லாபத்தை வளர்க்க விரும்பும் முதலாளிக்கு வழி ஒன்றே: தினந்தோறும் உபயோகிப்பவர்களின் கூட்டத்தைப் பெருக்குவது. அமெரிக்காவில் 1992-இல் அப்படிப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் குறைவு. 2022-இல் 1 கோடியே 77 லட்சம். தினந்தோறும் மது அருந்துவோரின் தொகையையும் அது தாண்டிவிட்டது. சிகரெட் கம்பெனியான ஆல்ட்ரியா, கனடாவின் குரோனோஸ் என்ற கஞ்சாக் கம்பெனியில் 45 சதவீதப் பங்குக்காக 180 கோடி டாலர் கொடுக்க 2018-இல் முன்வந்ததும், மதுபானக் கம்பெனியான கான்ஸ்டலேஷன் கேனப்பி குரோத்தில் அதே ஆண்டு அதனினும் பெருந்தொகையைக் கொட்டியதும், இந்த வியாபாரத்தின் தன்மையை நமக்கு உணர்த்தப் போதுமானவை. பழக்கத்துக்கு அடிமையானவனிடமிருந்து பணம் பண்ணும் கலையை நூறு வருஷங்களாகக் கற்றவர்கள் அவர்கள். கொலராடோ மாநிலத்திலோ 2021-இல் விற்பனை 220 கோடி டாலரைத் தாண்டியது. வரியில் ஒரு பகுதி பள்ளிக்கூடக் கட்டிடங்களுக்குப் போயிற்று. அதே வருஷம், வைத்தியச் சீட்டைக் காட்டி வாங்கும், பதினெட்டு முதல் இருபது வயதுவரை உள்ள ‘நோயாளிகள்’ மெழுகுச் சரக்கை அளவின்றி வாங்குவதைக் கண்டு கவலைப்பட்ட பெற்றோர்களும் வைத்தியர்களும் வற்புறுத்தியதன் பேரில், நாளொன்றுக்கு அவர்கள் வாங்கக்கூடிய அளவைச் சட்டமியற்றிச் சுருக்கவேண்டியதாயிற்று. ஒருபுறம் வருவாய், மறுபுறம் கட்டுப்பாடு என்ற இழுபறியில் வருவாயின் பக்கமே எப்போதும் பலம் மிகுந்திருக்கும்.

இந்த இழுபறியைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு வேறெவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2003-இல் மதுபானச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் சர்க்காரே ஏற்றுக்கொண்டபோது, கள்ளச்சாராயம் ஒழியும், மேற்பார்வை பலப்படும் என்று காரணம் கூறப்பட்டது. 2023–24-இல் அந்த வழியாகக் கஜானாவுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், படிப்படியாகக் கடைகளைக் குறைப்போம் என்று சொல்கிறது. சொன்னபடி செய்ய எந்த நிதியமைச்சராலும் முடிவதில்லை. கள்ளச்சாராயமாவது ஒழிந்ததா? 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோனதை நாம் கண்டோம். ஏழைக்கு டாஸ்மாக் சரக்கு விலை அதிகம். அந்த விலைக்குக் கீழே விற்க ஒருவன் எப்போதும் இருப்பான். கலிபோர்னியாவிலும் நடந்தது இதுவே. 2018 ஜனவரியில் உரிமம் பெற்ற கடைகள் திறந்தபிறகும், வரியும் உரிமக் கட்டணமும் செலுத்தாத கள்ளச் சந்தை அங்கே ஒழியவில்லை. உரிமக் கடைகளின் பக்கத்திலேயே, அவற்றைவிட மலிவாக, அது செழித்து நடக்கிறது.

எல்லா அச்சங்களும் பலித்துவிட்டன என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். பள்ளி மாணவர்களிடையே புகைப்போரின் தொகை கடைகளுக்குப் பின் பெருகிவிடும் என்று பயந்தார்கள். கொலராடோவில் எடுத்த கணக்குகள் அதைக் காட்டவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆயினும், அங்கே தீமை விளைந்த வயது பதினைந்தைவிட இருபதுக்கு அருகில், தினசரிப் பழக்கமும் வீரியமான சரக்கும் சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த வயதில் மூளை இன்னும் முதிர்ந்து முடியவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

தாய்லாந்தின் அநுபவம் நமக்கு மிக அருகே உள்ளது. 2022 ஜூன் 9-ஆம் தேதி, சுகாதார அமைச்சராயிருந்த அனுத்தின் சார்ன்விரகுலின் முயற்சியால், கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பத்து லட்சம் செடிகளைக் குடிமக்களுக்கு இலவசமாக வழங்குவதாக அறிவித்தார்கள். வைத்தியத்துக்கும் குடிசைத் தொழிலுக்கும்தான் என்று சொன்னார்கள். ஆனால் வியாபாரத்தை நெறிப்படுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலே போயிற்று. பாங்காக்கின் வீதிகளில் பச்சை விளக்கு எரியும் கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. மூன்றாண்டுகள் கழித்து, 2025 ஜூன் மாதத்தில், வைத்தியரின் சீட்டில்லாமல் கஞ்சாப் பூவை விற்கக் கூடாதென்று சர்க்கார் ஆணை பிறப்பித்தது. அதற்குள் கடையில் முதல் போட்டவர்களும், நிலத்தில் பயிரிட்ட விவசாயிகளும், வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் லட்சக்கணக்கில் அதை நம்பியிருந்தார்கள். திறந்த கதவை மூடுவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் நடத்திய போராட்டங்கள் காட்டின. நமக்கும் அதில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. மண்ணில்லாமல் நீரில் வளர்த்த ‘ஹைட்ரோபோனிக் கஞ்சா’ பாங்காக்கிலிருந்து விமானத்தில் பயணிகளின் பெட்டிகளில் வந்து, சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளிடம் அடிக்கடி பிடிபடுவதைப் பத்திரிகை படிப்போர் அறிவார்கள். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து ரயிலேறி வரும் பழைய கஞ்சாவோடு இப்போது இதுவும் சேர்ந்திருக்கிறது.

கஞ்சாவில் மருந்துக் குணமே இல்லை என்று எவரும் சாதிக்கவேண்டியதில்லை. சித்த வைத்தியம் சுத்தி செய்த கஞ்சாவை ஒரு மருந்துச் சரக்காக அறிந்திருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானக் கழகங்கள் 2017-இல் பல்லாயிரம் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, தீராத வலிக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாந்திக்கும் அதனால் பயன் உண்டு என்று ஒப்புக்கொண்டன. அதே நூலில், சித்தப் பிரமைக்கும் மோட்டார் விபத்துக்கும் குறைந்த எடையுள்ள பிரசவத்துக்கும் அதனோடுள்ள தொடர்பையும் உறுதிப்படுத்தின. குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்க்குக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, முறையான பரிசோதனைகளுக்குப் பிறகு, 2018-இல் அங்கே அநுமதி பெற்றது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் 25-க்கு எதிராக 27 வாக்குகளில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தபோது, இந்தியா அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது. வைத்தியப் பிரயோஜனத்தை ஏற்றுக்கொள்ளும் அந்த முடிவு சரியானதே. மருந்து என்றால் அளவு உண்டு, பரிசோதனை உண்டு, எழுதிக்கொடுக்கும் வைத்தியர் உண்டு. மிட்டாய்க் கடைக்கு அவை ஒன்றும் கிடையாது.

இந்தியாவில் என்ன செய்யவேண்டும் என்பதற்கு நம் சட்டப் புத்தகத்திலேயே பாதி விடை இருக்கிறது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், கடத்துபவனுக்கும் உபயோகிப்பவனுக்கும் வெவ்வேறு தண்டனை வைத்திருப்பதோடு, சிறிதளவோடு பிடிபட்ட அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டால் அவன்மீது வழக்கே கூடாது என்று 64ஏ பிரிவில் சொல்கிறது. தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பும் அதிகாரத்தை 39-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. சிகிச்சை நிலையங்களை நிறுவும் அதிகாரத்தை 71-ஆவது பிரிவு சர்க்காருக்கு அளிக்கிறது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நிறுவனம் எடுத்து 2019-இல் வெளியான கணக்கின்படி, இத்தேசத்தில் ஓராண்டில் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை உபயோகித்தவர்கள் 3 கோடியே 10 லட்சம் பேர். அவர்களில் அப்பழக்கத்தினால் துன்புற்று உதவி தேவைப்படுவோர் 72 லட்சம் பேர். பொட்டலத்தோடு பிடிபட்ட கல்லூரி மாணவனை ரிமாண்டுக்கு அனுப்பிய மறுநாளே அவனுடைய தகப்பனார் எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் அலைகிறார். ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் மனநல வைத்தியர் ஒருவரும், போதை மீட்புக்குப் படுக்கைகள் சிலவும், 64ஏ பிரிவை வாலிபனுக்கும் அவன் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லி அங்கே அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்ற அலுவலர் ஒருவரும் இருப்பதற்கு, மதுவினால் வரும் அந்த 45,000 கோடியில் ஒரு சிறு பங்கே போதும். சட்டமன்றத்தின் அடுத்த வரவு-செலவுக் கூட்டத்திலேயே அந்தத் தொகையைக் கேட்கலாம்.